கோடு போட்ட மருந்து பாட்டில்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார்கள். டாக்டர் நாடி பிடித்துச் சீட்டு எழுதியதும், பாட்டில் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் காம்பவுண்டர் கைக்குப் போகும். பெரிய ஜாடியிலிருந்து செக்கச் சிவந்த மிக்சரை அவர் அதில் ஊற்றுவார். பிறகு நீளவாக்கில் ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. படிக்கத் தெரியாதவருக்கும் கணக்குப் புரியும். "காலையில ஒரு கோடு, பொழுது சாய ஒரு கோடு. நல்லாக் குலுக்கிப்போட்டுக் குடுங்க." சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

காந்திபுரத்தில் இன்று அந்தக் காட்சி இல்லை. நகரப் பேருந்து நிலையம், வெளியூர் பேருந்து நிலையம், விரைவுப் பேருந்துகள் நிற்கும் திருவள்ளுவர் பேருந்து நிலையம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடம் அது. சுற்றிலும் கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு, சத்தி ரோடு. தெருவுக்குத் தெரு மெடிக்கல். அன்னூருக்கோ சத்தியமங்கலத்துக்கோ பஸ் ஏறப் போகிறவர்கள் நின்ற வாக்கிலேயே குழந்தைக்கு இருமல் சிரப் கேட்டு வாங்குவார்கள். "தம்பி, இதை எத்தனை மூடி குடுக்கோணுங்க?" "அஞ்சு மில்லிங்கம்மா. மூடியில கோடு போட்ருக்குதுங்க பாருங்க." அந்தக் கோட்டுக்கு நிறமும் இருக்காது, பிளாஸ்டிக்கில் மெல்லப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஓடும் பஸ்ஸில் எந்தப் பாட்டியின் கண்ணுக்கும் அது தெரியாது.

வெட்டிய காகிதத்துக்கும் இந்தப் புடைத்த கோட்டுக்கும் நடுவே குழந்தை மருந்தின் வரலாறு ஒன்று இருக்கிறது. மருந்தின் வீரியம் கூடிக்கொண்டே போனது, சுவையும் கூடியது, அளவு சொல்லும் ஆள் மட்டும் மெல்ல மெல்லக் காணாமல் போனார். ஒவ்வொரு பெரிய சாவுக்குப் பிறகும் சட்டம் வந்தது. வந்த சட்டமெல்லாம் தொழிற்சாலை வாசலிலும் கடைக் கல்லாவிலும் நின்றுகொண்டது.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் கைக்குழந்தைக்கு முதல் மருந்து உரை மருந்துதான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு கூடும், குறையும். டவுன்ஹால் பக்கம் பெரிய கடை வீதியிலும் ரங்கே கவுடர் வீதியிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் பிள்ளை மருந்து என்று கேட்டால் இன்றைக்கும் மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். வசம்பை விளக்கெண்ணெய்த் திரியில் சுட்டுக் கரியாக்கி வைப்பது வழக்கம். அம்முச்சி உரைகல்லைக் கழுவி, தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் இழைப்பாள். இழைப்புத்தான் அளவு. இதில் இரண்டு இழைப்பு, அதில் ஒன்று, ஜாதிக்காய் என்றால் பட்டும் படாமலும். வழித்தெடுத்து, சங்கிலோ பாலாடையிலோ கலக்கிப் புகட்டுவாள்.

இந்த முறையில் யாரும் யோசித்து வைக்காத பாதுகாப்பு ஒன்று இருந்தது. காயும் வேரும் கல்லாட்டம் கடினமானவை. தவழ்ந்து போய் எடுத்து வாயில் வைக்கும் குழந்தைக்குக் கிடைப்பது துவர்ப்பும் கசப்பும் மட்டுமே. முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும். ஒரே மூச்சில் பத்து வேளை மருந்தை விழுங்கிவிட வழியில்லை. கொடுப்பவரும் வீட்டுக்கு ஒருவர்தான். அம்முச்சி கொடுத்துவிட்டாளா, அம்மா மறுபடியும் கொடுத்தாளா என்ற குழப்பம் வராது.

அதற்காக அந்தக் காலத்தை வழிபடவும் வேண்டியதில்லை. ஜாதிக்காய் அதிகமானால் குழந்தை அரைமயக்கத்தில் கிடக்கும். அதை நல்ல தூக்கம் என்று வீட்டார் எண்ணிக்கொள்வார்கள். வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மை காரணமாக, உணவில் அதைச் சேர்ப்பதற்கு அமெரிக்கா 1968லேயே தடை போட்டது. கொட்டமுத்து ஆட்டிய எண்ணெயைப் பேதிக்குக் கொடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும். குளிப்பாட்டும்போது சளி வரட்டும் என்று மூக்கில் எண்ணெய் விட்ட பழக்கம் எத்தனையோ பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியாவைத் தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான கருத்து. உரை மருந்துக்கும் அதில் விலக்கு இல்லை.

அழுகிற குழந்தையை அமர்த்த வேண்டிய அவசரம் ஆலைகளோடு வளர்ந்தது. கோயம்புத்தூருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர். அசல் மான்செஸ்டரின் பஞ்சாலைத் தெருக்களில் 19ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதை அந்தப் பெயர் வைத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தாய் ஆலைக்குப் போன நேரத்தில் குழந்தை அழாமல் கிடக்க, காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் கலந்த இனிப்புத் திரவத்தை அங்கே கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். அமெரிக்காவில் மிஸஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப் 1849இல் வந்தது. அதில் இருந்தது மார்ஃபின். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் 1920களில்கூட அபின் உருண்டையைப் 'பால கோலி' என்று கைக்குழந்தைக்குக் கொடுத்தார்கள். அபின் விற்பனையை மருந்துக்கடைக்குள் கட்டிப்போட பிரிட்டன் 1868இல் சட்டம் போட்டது.

கோவையின் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருந்தே ஆக வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். குழந்தையை மருந்தால் தூங்க வைக்காமல் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வதற்குச் சட்டம் வழி செய்த அபூர்வமான இடம் இது.

அபினுக்கு அடுத்து வீட்டுக்குள் வந்தது கிரைப் வாட்டர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் 1851இல் உண்டாக்கியது. சோம்பு இனத்தைச் சேர்ந்த சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே ஆல்கஹால். டி.டி.கே. நிறுவனம் மூலமாகச் சென்னை வழியே தென்னாடெங்கும் பரவியது. வயிற்று வலிக்கு நல்லது என்று பாட்டியிலிருந்து பேத்தி வரை கை மாறிய பாட்டில் அது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் அதிலிருந்து ஆல்கஹாலை எடுத்தார்கள். இப்போது இங்கே விற்பதிலும் ஆல்கஹால் கிடையாது. அத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அமைதியாக உறங்கியதில் சதகுப்பைக்கு எவ்வளவு பங்கு, சாராயத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. குழந்தை மருந்து என்றால் இனிப்பாக இருக்கும் என்ற எண்ணத்தைப் பதிய வைத்ததில் இந்தப் பாட்டிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஊர் கோயம்புத்தூர்தான். நாள் 1955 ஜனவரி 23. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு டாக்டர், சீட்டு, மருந்து என்ற வரிசை அதன் பிறகே பழக்கமானது. காகிதக் கோடு ஒட்டிய பாட்டிலின் பொற்காலம் அது. மிக்சரில் இருந்தவையும் பெரிய விஷயங்கள் அல்ல. சோடா உப்பு, ஓம நீர், இஞ்சிச் சாறு, கொஞ்சம் நிறம். இரண்டு மூன்று நாளுக்குமேல் வைத்திருந்தால் கெட்டுவிடும் என்பதால் கொடுப்பதும் இரண்டு மூன்று நாளுக்குத்தான். பாட்டில் காலியாகிவிடும். வீட்டில் மருந்து தங்காது.

பாட்டில் மட்டும் தங்கியது. அதிலே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். டர்பன்டைன் வைத்தார்கள். பருத்திக் காட்டுக்குப் பூச்சி மருந்து வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் கடன் வாங்கிய மருந்தையும் அதில்தான் கொண்டுவந்தார்கள். நேற்றுவரை அதே பாட்டிலிலிருந்து தித்திப்பாக ஏதோ குடித்த மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த மாற்றம் எப்படித் தெரியும்? தென்னிந்திய மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவில் பல காலம் நச்சு வகைகளில் முதலிடம் மண்ணெண்ணெய்க்கே இருந்தது. சமையல் வாயு வீட்டுக்கு வீடு வந்து ஸ்டவ் பரணுக்குப் போன பிறகே அது குறைந்தது.

வெள்ளைக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நச்சுத் திரவங்களுக்கென்று நீலம் அல்லது பச்சைக் கண்ணாடியில், மேலே வரி வரியாகப் புடைத்த பாட்டில் செய்தார்கள். இருட்டில் தடவினாலே கைக்குத் தெரியும், இது குடிக்கும் சாமான் அல்ல என்று. பெரியவர்களுக்காகச் செய்தது அது. குழந்தைக்கு அந்த வரியும் விளையாட்டுத்தான்.

எழுபதுகளில் காம்பவுண்டரின் காலம் முடியத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றானதால் உள்நாட்டில் மருந்துக் கம்பெனிகள் பெருகின. மருந்து மலிவானது, அந்தப் பெரிய நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே அலையில்தான் முத்திரை போட்ட சிரப் பாட்டில்கள் கடைகளை நிறைத்தன. பாட்டிலோடு வருவது காகிதப் பல் அல்ல, ஆங்கிலத்தில் அச்சிட்ட பொடி எழுத்து.

1972இல் சென்னையில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று குறைவு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் சிறுநீர் பிரியாமல் ஒவ்வொருவராக இறந்தார்கள். பதினான்கு பதினைந்து பேர். குடித்த மருந்தைக் கரைக்கப் பயன்படுத்திய திரவத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். சிரப் செய்யும்போது மருந்தைக் கரைக்க புரோபிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். பிரேக் ஆயில், பெயின்ட், மை போன்ற தொழில்களுக்கான டைஎத்திலீன் கிளைக்காலும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்: நிறமில்லை, வாசனையில்லை, கொழகொழப்பு, இனிப்பு. விலை குறைந்த பீப்பாயில் இது கலந்திருக்கும், அல்லது பீப்பாய் முழுக்கவே இதுவாக இருக்கும். சோதித்துப் பார்க்காமல் ஊற்றினால் முடிந்தது கதை. உள்ளே போனதும் சிறுநீரகத்தை அழிக்கும். குழந்தை வாந்தி எடுக்கும், சோர்ந்து போகும், பிறகு சிறுநீர் நின்றுவிடும். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம்.

உலகம் இந்தப் பாடத்தை முதலில் படித்தது 1937இல். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசன்கில் கம்பெனி சல்ஃபானிலமைடு மருந்தை ராஸ்பெர்ரிப் பழச் சுவையில் சிரப்பாக்கியது. கரைக்கப் பயன்படுத்தியது இதே திரவம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் முப்பத்துநான்கு பேர் குழந்தைகள். ஆட்கொல்லி மருந்து விற்றதற்காகக் கம்பெனியைத் தண்டிக்க அன்றைக்குச் சட்டம் இல்லை. 'எலிக்சிர்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே ஆல்கஹால் வைக்கவில்லை, ஆகவே பெயர் தவறு என்றுதான் வழக்குப் போட முடிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா மருந்துச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. இந்தியாவில் ராம்நாத் சோப்ரா தலைமையிலான குழு 1931லேயே மருந்துக் கலப்படத்தைப் பற்றி அறிக்கை கொடுத்திருந்தது. சட்டம் வந்தது 1940இல், விதிகள் 1945இல். இன்றைக்கும் நாட்டை ஆள்வது அந்தச் சட்டமே.

அந்தச் சட்டம் இருக்கும்போதேதான் 1972 சென்னை நடந்தது. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இதே நஞ்சு கலந்து பதினான்கு நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லென்டின் விசாரித்து நீண்ட அறிக்கை எழுதினார். 1998இல் குர்கான், 2019 முடிவில் ஜம்முவின் உதம்பூர் மாவட்டம் என்று குழந்தைகள் தொடர்ந்து இறந்தார்கள். 2022இல் ஹரியானாக் கம்பெனி ஒன்றின் சிரப்போடு தொடர்புபடுத்தப்பட்டு, ஆப்பிரிக்காவின் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரணம் உலகச் செய்தியானது. அதன் பிறகு, 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப் எல்லாம் அரசு ஆய்வகத்தில் தேறிய பிறகே கப்பல் ஏற வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. காந்திபுரத்துக் கடைக்கு வரும் பாட்டிலுக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஒரு சோதனை கூடுதல் என்ற இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது.

விளைவு 2025இல் தமிழ்நாட்டு முகவரியோடு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் செப்டம்பர் மாதம் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். குடித்த சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். செய்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் ஃபார்மசூட்டிகல்ஸ். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குள் புகுந்து மாதிரி எடுத்து, ஒரு நாளுக்குள் முடிவைச் சொன்னது. எஸ்.ஆர்.13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். வரம்பு 0.1 என்பதை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 500 மடங்கு. பாதி பாட்டில் நஞ்சு.

அந்த ஆலை உரிமம் பெற்றது 2011இல். ஆய்வில் 300க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலாயின. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிந்த நஞ்சை, பாட்டில் மாநில எல்லை தாண்டுவதற்கு முன்பு யாரும் தேடவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தில் மன்னிக்க முடியாதது.

இன்னொன்றும் உண்டு. கோல்ட்ரிஃப்பில் நஞ்சே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது தேவையில்லாத மருந்து. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. கோல்ட்ரிஃப்பில் அந்த இரண்டும் இருந்தன, பாராசிட்டமாலும் இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபர் 3 அன்று மறுபடி அறிவுறுத்தியது. சாதாரணச் சளி தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும்.

இருமல் மருந்து கிடைக்காத ஊரே இல்லை என்பதற்கும் ஒரு பழைய விதி காரணம். ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று மருந்து விதிகளின் கே அட்டவணை சில மருந்துகளுக்கு விலக்கு கொடுக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை, கிரைப் வாட்டர், இருமல் மருந்து எல்லாம் அதில் உண்டு. மெடிக்கல் எட்டாத கிராமத்துக்கு நல்லெண்ணத்தில் கொடுத்த சலுகை. மளிகைக் கடையில் புளிக்கும் பருப்புக்கும் நடுவே சிரப் வாங்கிய தாய்க்கு எத்தனை மில்லி என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? சிந்த்வாடாவுக்குப் பிறகுதான் அந்தப் பட்டியலிலிருந்து சிரப்பை எடுத்துவிடும் பேச்சு தொடங்கியது.

நஞ்சு தொழிற்சாலையிலிருந்து மட்டும் வருவதில்லை. சுத்தமான மருந்தே வீட்டில் நஞ்சாகும் வழிகளில் மிகச் சாதாரணமானது காய்ச்சல் மருந்துக் கணக்கு. குழந்தைக்கான பாராசிட்டமால் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. சில சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், சிலவற்றில் 250. கைக்குழந்தை டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். சிரப் நினைப்பில் டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 500 மில்லிகிராம். காய்ச்சல் இறங்கவில்லை என்று பாட்டி ஒருமுறை, அம்மா ஒருமுறை, வேலை விட்டு வந்த அப்பா ஒருமுறை இப்படிக் கொடுத்தால் கல்லீரல் என்னாகும்? இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்க மருந்துக் கம்பெனிகள் 2011இல் கைக்குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் ஒரே அடர்த்திதான் என்று முடிவு செய்தன. இங்கே மூன்று நான்கு அடர்த்திகள் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. காம்பவுண்டர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது இந்த வாய்ப்பாடுதான். அதைத் தாய் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

மாத்திரையின் கதை வேறு. 2023 மார்ச்சில் உதகை காந்தல் பகுதி நகராட்சி உருது நடுநிலைப் பள்ளியில், வாரம் ஒன்று விழுங்க வேண்டிய இரும்புச் சத்து மாத்திரைகள் பிள்ளைகள் கைக்கு மொத்தமாகக் கிடைத்துவிட்டன. யார் அதிகம் விழுங்குவது என்று பந்தயம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 45 மாத்திரை வரை விழுங்கினாள். மயங்கி விழுந்த பிள்ளைகளைக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லீரல் செயலிழந்த அந்தச் சிறுமியைச் சென்னைக்கு அனுப்பினார்கள், வழியிலேயே இறந்துபோனாள். தலைமை ஆசிரியரும் பொறுப்பு ஆசிரியரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இரும்பு என்றால் சத்து. சத்து என்றால் எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது என்பது பெரியவர்களின் நினைப்பும்கூட. கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிலோப் பிள்ளை ஒன்று பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான அளவை எட்டிவிடும். அம்மா மறுபடி கர்ப்பமாக இருக்கும் வீட்டில்தான் தவழும் முதல் பிள்ளையும் இருக்கும். மாத்திரை பளபளவென்று மிட்டாய் நிறத்தில் இருக்கும். தலையணைக்கடியில், ஜன்னல் திட்டில், டிவி மேல் என்று கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால்தான் மறக்காமல் போட முடியும் என்று நர்ஸம்மா சொல்லியிருப்பார். கண்ணில் படுகிற இடம் பிள்ளையின் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

மாத்திரையை மிட்டாயாக்கியதன் விலையை அமெரிக்கா கொடுத்திருக்கிறது. ஆரஞ்சு சுவையில் குழந்தை ஆஸ்பிரின் 1947இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் டப்பாவைத் திறந்து கைப்பிடியாக அள்ளித் தின்றார்கள். நச்சுத் தகவல் மையம் என்ற அமைப்பே 1953இல் சிகாகோவில் பிறந்ததற்கு இப்படிப்பட்ட விபத்துகள்தான் காரணம். கனடாவில் வின்ட்சர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோ, வந்து குவியும் பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் மூடியில் கை வைத்தார். பீட்டர் ஹெட்ஜ்விக் என்ற பிளாஸ்டிக் தொழிலதிபரோடு சேர்ந்து 1967இல் அவர் கொண்டுவந்தது, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி. இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் செய்யச் சின்னப் பிள்ளைக்கு வராது. அமெரிக்கா 1970இல் இதைச் சட்டமாக்கியது; ஒன்டாரியோ மாகாணம் 1974இல் கட்டாயமாக்கியது. ஆஸ்பிரின் விழுங்கி இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

அரை நூற்றாண்டு கழிந்தும் இந்திய மருந்துச் சட்டம் அந்த மூடியைக் கட்டாயமாக்கவில்லை. ஏற்றுமதிக்குப் போகும் பாட்டிலுக்கு அழுத்தித் திருகும் மூடி போடத் தெரிந்த நாட்டில், உள்ளூர் பாட்டிலுக்குச் சாதாரணத் திருகு மூடி. நம் மருந்தில் பெரும்பகுதி பாட்டிலில் வருவதில்லை, அட்டையில் வருகிறது என்பது உண்மை. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கி எடுக்க வேண்டியிருப்பது ஓரளவுக்குத் தடைதான். ஆனால் தாத்தாவின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, அந்தத் தடையையும் எடுத்துவிடுகிறது. சர்க்கரை மாத்திரைகளில் சில ஒன்றே ஒன்று போனாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கூட்டுக் குடும்பம் குறைந்துவிட்ட கோவையில் பேரன் பேத்தி லீவுக்கு வரும் வீடுகளில்தான் இந்த டப்பா சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் லேபிளில் தமிழ் இல்லை. காலாவதி மாதம், அடர்த்தி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். காகிதத்தில் பல் வெட்டிய காம்பவுண்டர் படிக்கத் தெரியாதவரை மனதில் வைத்து வேலை செய்தார். இன்றைய லேபிள் இன்ஸ்பெக்டரை மனதில் வைத்து அச்சாகிறது. அளவும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும், குழந்தை சிரப் எல்லாவற்றுக்கும் அழுத்தித் திருகும் மூடி வேண்டும், உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கும் ஏற்றுமதிக்கான அதே சோதனை வேண்டும். இந்த மூன்றுக்கும் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. அரசாணை போதும்.

அது வரும்வரை வீட்டில் செய்ய முடிந்தது கொஞ்சம் உண்டு. மருந்தைப் பூட்டும் அலமாரியில், பிள்ளை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். வந்த அட்டையிலும் பாட்டிலிலுமே இருக்கட்டும். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். மிட்டாய் என்று சொல்லி மருந்து கொடுக்காதீர்கள். சமையல் கரண்டியை விட்டுவிட்டு, மருந்தோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள், அடுத்து வருபவர் பார்க்கட்டும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மண்ணெண்ணெயாக இருந்தால் வாந்தியே நுரையீரலைக் கெடுக்கும். அழுகிறதா, சிரிக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். இரும்பு மாத்திரை விழுங்கிய பிள்ளை நடுவில் சில மணி நேரம் தேறிவிட்டது போலவே தெரியும். 108க்குக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து, எத்தனை இருந்தது, எத்தனை குறைகிறது என்பதுதான் மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி.